வேலூர், வடாற்காடு நினைவு நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'வரலாற்றில் இன்று' என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கும் மாணவர்கள், அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோர், இவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் கீழே இருக்கின்றன. நாடு முழுவதற்கும் பொதுவாகத் தயாராகும் பட்டியல்களில் நம் ஊர் நாட்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. நடந்த இடம் பேருந்தில் போகும் தூரத்தில் இருந்தும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேதி தெரியாமல் போவது வருத்தமான விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வடாற்காடு என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தை. அதன் எல்லை பலமுறை மாறியிருக்கிறது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. அதுவரை வடாற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான், அப்புறம்தான் வேலூர். 1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டமும் திருப்பத்தூர் மாவட்டமும் செயல்படத் தொடங்கின. ஒருவர் பிறந்த மாவட்டத்தை எழுதும்போது அவர் காலத்தில் அது என்ன மாவட்டம், இன்று என்ன மாவட்டம் என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஜூலை 10 அன்று வேலூரில் என்னதான் நடந்தது?

1806 ஜூலை 10 விடிவதற்கு முன், இரவு இரண்டு மணியைத் தாண்டிய நேரம். வேலூர்க் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையைச் சேர்ந்த மூன்று பட்டாளங்களின் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். கூடவே ஆங்கிலேயரின் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நான்கு கம்பெனிகளும் இருந்தன. சிப்பாய்கள் காவலில் நின்ற வெள்ளையரை வீழ்த்திவிட்டு, ஐரோப்பியர் தங்கியிருந்த பாசறையைச் சுட்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது சுடப்பட்டு இறந்தார். பொழுது விடியும்போது கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது. கொடிமரத்தில் திப்பு சுல்தானின் கொடி பறந்தது.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பினார். சுமார் 25 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்த கர்னல் கில்லெஸ்பி 19ஆம் குதிரைப் படையுடன் புறப்பட்டு வந்தார். மதில் மேல் ஒரு மூலையில் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த சிலர் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லெஸ்பி கயிற்றில் தொங்கி மதிலேறி அவர்களோடு சேர்ந்துகொண்டார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்ததும் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. முற்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆரம்பத்தில் ஜெயித்த சிப்பாய்கள் ஏன் சில மணி நேரத்தில் தோற்றார்கள் என்பதுதான் மாணவர்கள் யோசிக்க வேண்டிய இடம். கதவுகளைச் சரியாக அடைத்துக் காவல் வைக்கவில்லை. ஒரு பகுதியினர் சூறையாடலில் இறங்கிவிட்டார்கள். ஆற்காடு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தச் சாலையை யாரும் மறிக்கவில்லை. துணிச்சலுக்குக் குறைவில்லை. அடுத்து என்ன செய்வது என்ற ஏற்பாடுதான் இல்லாமல் போயிற்று.

ஒரு தலைப்பாகைக்காகவா இவ்வளவும்?

தலைப்பாகை கடைசிப் பொறி. 1805 நவம்பரில் மதராஸ் படைத் தலைவர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய விதிகள் வந்தன. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும், கடுக்கனைக் கழற்ற வேண்டும். அதோடு தோலால் ஆன பட்டை வைத்த, தொப்பியைப் போன்ற ஒரு புதுத் தலைப்பாகை. பசுத்தோல் என்று இந்துக்களுக்கும் பன்றித்தோல் என்று முஸ்லிம்களுக்கும் சந்தேகம். தொப்பி போட்டால் அடுத்தது மதமாற்றம்தான் என்ற பேச்சும் பரவியது.

1806 மே மாதத்திலேயே வேலூர்ச் சிப்பாய்கள் மறுத்துப் பார்த்தார்கள். ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையைவிட்டே நீக்கினார்கள். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே போனது. இவன் புத்தி சரியில்லாதவன் என்று அவர்கள் சொல்ல, அவரைச் சிறையில் போட்டுவிட்டார்கள்.

சம்பளம், மரியாதை, பதவி உயர்வு எல்லாவற்றிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கீழேதான் என்ற கசப்பு வெகுநாளாக இருந்தது. உடம்பின் மேல் இருக்கும் அடையாளத்தையும் அழிக்கச் சொன்னபோது அது வெடித்தது. பேச்சுப் போட்டியில் தொப்பியை மட்டும் சொல்லி நிறுத்தினால் சிப்பாய்களைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும்.

திப்புவின் பிள்ளைகள்தான் தூண்டிவிட்டார்களா?

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு, அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டைக்குள் திருமணம். விருந்தினர் கூட்டம் திட்டமிட வசதியாக இருந்தது. சிப்பாய்கள் மூத்த மகன் பத்தே ஹைதரைத் தங்கள் அரசராகக் கருதியதும் கொடியிலிருந்தே தெரிகிறது. ஆனால் இளவரசர்கள் முன்னால் வந்து தலைமை ஏற்கவில்லை. விசாரணைக்குப் பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அரண்மனைச் சதி என்று எழுதுவது அப்போதைய அதிகாரிகளுக்குச் சௌகரியமாக இருந்தது, ஏனென்றால் தங்கள் உத்தரவின் மேல் பழி வராது. எழுச்சியின் வேர் பாசறையில்தான் இருந்தது என்பது என் முடிவு.

எத்தனை பேர் இறந்தார்கள்? அவர்கள் பெயர்கள் கிடைக்குமா?

ஆங்கிலேயர் தரப்பில் 14 அதிகாரிகளும் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த 115 பேரும் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் அதில் அடக்கம். அதை மறைக்கக் கூடாது.

சிப்பாய்கள் தரப்புக் கணக்கு 350 என்று ஓரிடத்திலும் 800 என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எண்ணி வைக்க யாரும் அக்கறைப்படவில்லை. அரண்மனைப் பக்கம் ஒளிந்திருந்த சுமார் 100 பேரை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை என்று ஒன்று நடந்த பிறகு 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். 5 பேரைச் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கிலிட்டார்கள், 5 பேரை நாடுகடத்தினார்கள். மூன்று பட்டாளங்களையும் கலைத்தார்கள். அதே நேரத்தில் புதிய விதிகளையும் திரும்பப் பெற்றார்கள். கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

பெயர்கள் மிகச் சிலதான் கிடைக்கின்றன. ஷேக் ஆதம், ஷேக் காசிம், ஷேக் உசேன் ஆகியோர் முன்னின்றவர்களாக விசாரணையில் சொல்லப்பட்டவர்கள். அடக்கியவரான கில்லெஸ்பியின் வாழ்க்கை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. 1814 அக்டோபர் 31 அன்று நேபாளப் போரில் களங்கா கோட்டைக்கு முன்னால் அவர் இறந்தது வரை தெரிகிறது. சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் எந்த ஊர், அவர் மனைவி மக்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஜூலை 10 அன்று கிடைத்திருக்கும் மூன்று பெயரையாவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாளில் எங்கே போகலாம்?

கோட்டைக்கு எதிரே மக்கான் பகுதியில் நினைவுத் தூண் இருக்கிறது. ஜூலை 10 அன்று மாவட்ட நிர்வாகத்தினர் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். 2006இல் 200ஆவது ஆண்டு நிறைவுக்கு அஞ்சல்தலையும் வெளிவந்தது. கோட்டைக்குள் போனால் அரசு அருங்காட்சியகம், திப்பு மகால், ஹைதர் மகால் இருக்கும் பகுதி, ஜலகண்டேசுவரர் கோயில் எல்லாம் பார்க்கலாம். கோயிலைப் பற்றி ஒரு தகவல்: வெகுகாலம் மூலவர் இல்லாமல் இருந்த அந்தக் கோயிலுக்கு 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து வைக்கப்பட்டது. கோட்டை மதில்மேல் நடந்து, அந்தக் காலையில் கில்லெஸ்பி வந்த கிழக்குத் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வரைபடம் இல்லாமலே நடந்தது புரிந்துவிடும்.

இலங்கையின் கடைசி அரசர் வேலூரிலா இறந்தார்?

ஆமாம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832 ஜனவரி 30 அன்று வேலூரில் இறந்தார். அவர் நாயக்கர் வம்சத்தவர், இளமைப் பெயர் கண்ணுசாமி. 1798இல் பதினெட்டு வயதில் அரியணை ஏறினார். 1815 பிப்ரவரி 18 அன்று ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மார்ச் 2 அன்று கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு நாட்டை ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு அரசரையும் அவர் குடும்பத்தையும் கப்பலில் ஏற்றி மதராஸ் வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். மிச்ச வாழ்நாள் முழுவதும் இங்கேதான் சிறையிருந்தார்.

பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. அதைத்தான் முத்து மண்டபம் என்கிறோம். இப்போதுள்ள மண்டபம் 1990இல் தமிழ்நாடு அரசு எழுப்பியது. இலங்கையிலிருந்து வருபவர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். வேலூர்க்காரர்களில் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள் நிறையப் பேர். 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப்போன கண்டிச் சிம்மாசனமும் கிரீடமும் 1934இல் இலங்கைக்குத் திரும்பின. அரசரின் சாம்பல் நம் ஆற்றங்கரையிலேயே இருந்துவிட்டது.

அவர் கொடுங்கோலர் என்கிறார்களே, எதற்கு நினைவு நாள்?

1814இல் எஹலேபொல என்ற பிரதானி ஆங்கிலேயரோடு சேர்ந்துவிட்டார் என்ற கோபத்தில், அவர் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அரசர் கொல்லச் சொன்னார். மூத்தவன் தயங்கியபோது தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து நின்றதாக இன்றும் இலங்கையில் சொல்கிறார்கள். இதைச் சொல்லாமல் அரசருக்குப் புகழுரை மட்டும் படிப்பது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம். அதே சமயம், அவர் கொடுமைகளைக் காரணம் காட்டித்தான் ஆங்கிலேயர் ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் விடக்கூடாது. நினைவு நாள் என்றாலே புகழ வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. நடந்ததை முழுசாகச் சொன்னால் போதும்.

ஆற்காட்டு முற்றுகைக்கு ஏன் இரண்டு விதமான தேதி இருக்கிறது?

நல்ல கேள்வி. 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆங்கிலேயக் குறிப்புகளில் 11 நாள் பின்தங்கிய தேதி இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு ஆற்காட்டைப் பிடித்தது 1751 ஆகஸ்டு 31 என்று அவர்கள் எழுதினால், இன்றைய கணக்கில் அது செப்டம்பர் 11. ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டு, நவம்பர் 14 அன்று கடைசியாகத் தாக்கித் தோற்றார். இன்றைய கணக்கில் நவம்பர் 25. தேதி போடும்போது எந்த நாட்காட்டி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டவர்கள். அதனால்தான் அவர்கள் கலந்துகொண்ட, நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்ட ஆம்பூர்ப் போர் 1749 ஆகஸ்டு 3 என்றே நிலைத்துவிட்டது. 1760 ஜனவரி 22இல் நடந்த வந்தவாசிப் போருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

முற்றுகையில் அரிசி தீர்ந்தபோது சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் சிப்பாய்கள் என்று ஆங்கிலேயரே பெருமையாக ஒரு கதை சொல்லி வந்தார்கள். அந்தச் சிப்பாய்களின் பெயரையும் யாரும் எழுதவில்லை. இன்று ஆற்காட்டில் மிஞ்சியிருப்பது பழைய கோட்டையின் டெல்லி வாசல்.

டாக்டர் ஐடா ஸ்கடருக்கு எந்த நாளை எடுத்துக்கொள்வது?

பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். மறைந்தது 1960 மே மாதம், கொடைக்கானலில். என்னைக் கேட்டால் ஆகஸ்டு 12. 1918இல் அந்த நாளில்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது. பின்னாளில் அது சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆனது.

ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் பிரசவம் பார்க்க அவரைக் கூப்பிட்டதும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பலர் அதை வேலூரில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அது திண்டிவனத்தில் நடந்தது. அவர் தந்தை அப்போது அங்கேதான் மருத்துவராகப் பணியில் இருந்தார். ஐடா அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனை வந்தது. 1909இல் செவிலியர் பள்ளி. ஆண்களை மருத்துவப் படிப்பில் சேர்த்தது 1947இல்.

பெரியார் வேலூரிலா மறைந்தார்?

ஆமாம், 1973 டிசம்பர் 24 அன்று சி.எம்.சி. மருத்துவமனையில், 94ஆம் வயதில். அதற்கு ஐந்து நாள் முன்பு, டிசம்பர் 19 அன்று, சென்னை தியாகராய நகரில் தம் கடைசிப் பொதுக்கூட்டத்தில் பேசினார். அந்த வயதில், அந்த உடல்நிலையில்.

வாரியார் சுவாமிகளுக்குத் தேதியா, நட்சத்திரமா?

திருமுருக கிருபானந்த வாரியார் 1906 ஆகஸ்டு 25 அன்று காட்பாடிக்குப் பக்கத்தில் காங்கேயநல்லூரில் பிறந்தார். 1993 நவம்பர் 7 அன்று லண்டனிலிருந்து திரும்பி வரும்போது விமானத்திலேயே இறைவனடி சேர்ந்தார். பிறந்த நாளை அரசு விழாவாகக் கொண்டாடுவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. அரசு, பள்ளி நிகழ்ச்சிகளுக்குத் தேதி. வழிபாடு, குருபூசை என்றால் திதியோ நட்சத்திரமோ பார்ப்பதுதான் நம் வழக்கம். திருவண்ணாமலையில் ரமணர் ஜயந்தியும் மார்கழி புனர்பூசத்தை வைத்துத்தான் வருகிறது. ஆண்டுதோறும் தேதி மாறுவது அதனால்தான். இரண்டும் சரியே.

மு.வ.வும் ராதாகிருஷ்ணனும் நம் மாவட்டத்துக்காரர்களா?

மு. வரதராசனார் 1912 ஏப்ரல் 25 அன்று பிறந்தார். வாலாஜாவுக்கு அருகே வேலம் அவர் சொந்த ஊர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, தாமே படித்துத் தேறி, பேராசிரியராகி, மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். மறைந்தது 1974 அக்டோபர் 10. சிறிய வேலையில் இருந்துகொண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 25 முக்கியமான நாளாக இருக்க வேண்டும்.

ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அப்புறம் சித்தூருக்குப் போய், 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். ஆசிரியர் தினத்தில் வேலூரையும் ஒரு வரி சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத நாள் ஏதாவது?

ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மும்பை, கல்கத்தாவுக்கு அடுத்து மூன்றாவதாகத் தொடங்கிய பாதை இது. ராயபுரத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ரயில் வந்து நின்ற ஊரை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று பிப்ரவரி 17. 1988இல் அந்த இரவு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு 1982 ஆகஸ்டு 19 அன்றே மறைந்துவிட்டார். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது 1986 ஜனவரி 6 அன்று.

வெள்ளம், பஞ்சம் இவற்றுக்கெல்லாம் நினைவு நாள் வேண்டுமா?

வேண்டும். 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சீரழித்தது. ஆற்றில் தண்ணீரே இல்லாத ஆண்டுகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அதை நம்ப மறுக்கிறார்கள். ஆற்றுப்படுகையில் வீடு கட்டும் பெரியவர்களுக்கும் அதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஜனவரி 30 காந்தி நினைவு நாளும்கூட. கண்டி அரசர் நினைவு நாளை எப்படிச் செய்வது?

காலை 11 மணி மௌன அஞ்சலி காந்திக்கு. அதில் எதையும் கலக்க வேண்டாம். பிற்பகலில் முத்து மண்டபத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம். மண்டபம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒருவர் அரசரைப் பற்றி, ஒருவர் எஹலேபொல குடும்பத்தைப் பற்றி, இன்னொருவர் அரசரோடு இங்கே வந்து சிறையிருந்த ராணிகளைப் பற்றி எழுதட்டும்.